உள்ளங்காலின் கரும்புள்ளி

தமிழில் 'மச்சம்' என்பது தோலில் உள்ள ஒரு குறியின் பெயராக மட்டும் வழங்கவில்லை. அது நற்பேற்றின் பெயராகவும் வழங்குகிறது. எதிர்பாராத நன்மை கிட்டியவரை 'மச்சக்காரர்' என்று அழைக்கிறோம். உடம்பில் இன்ன இடத்தில் மச்சம் இருந்தால் இன்ன பலன் என்று கணித்துக் கூறுவோர் உண்டு. உள்ளங்காலில் மச்சம் உள்ளவர் ஊர் ஊராகச் சுற்றுவார் என்பது அவர்கள் சொல்லும் பலன்களுள் ஒன்று. பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளமாக இரண்டு மச்சங்களைக் குறிப்பதும் நம் நாட்டு வழக்கம். ஆசிரியர் முன் வரிசையில் நின்று முகத்திலும் கழுத்திலும் முழங்கையிலும் மச்சம் தேடிக் காட்டிய நினைவு நம்மில் பலருக்கு இருக்கும். ஆனால் காலைத் தூக்கி உள்ளங்காலைக் காட்டு என்று எந்த ஆசிரியரும் கேட்டதில்லை.

உடம்பின் முழுப் பாரத்தையும் வாழ்நாள் முழுவதும் சுமப்பது அந்த இடம். நாம் ஒருபோதும் குனிந்து பாராத இடமும் அதுவே. அங்கே ஒரு கொடிய நோய் தோன்றினால் அதைக் காண்பவர் யார்? இக்கேள்வி எங்கள் குடும்பத்திற்குள் எவ்வாறு வந்தது, என்ன கற்றுத் தந்தது என்பதையே இங்கு எழுத முற்படுகிறோம். எழுதும் நாங்கள் மூவரும் உடன்பிறந்தோர்.

எங்கள் தந்தையார் திருப்பத்தூரில் குடியிருந்து, சவ்வாது மலைமேல் உள்ள புதூர்நாட்டுச் சிற்றூர்களில் நெடுங்காலம் ஆசிரியராகப் பணிபுரிந்தவர். பேருந்து ஏறாத ஊர்களுக்கு நடந்தே சென்றவர். சாமை விளையும் மலைச்சரிவுகளும், புளியும் பலாவும் நிற்கும் ஒற்றையடிப் பாதைகளும் அவர் கால்களுக்கு மனப்பாடம். ஓய்வு பெற்ற பிறகும் பழைய மாணவர் வீட்டுத் திருமணம் என்றால் மலையேறி விடுவார். ஆகவே 2013ஆம் ஆண்டு மழைக்காலத்தில் இடது கால் பெருவிரலின் அடியில் ஒரு கருமை தோன்றியபோது, 'எங்கோ முள் தைத்திருக்கிறது' என்றார். அது முற்றிலும் நியாயமான விளக்கம். மலையில் நடப்பவர் காலில் முள் தைப்பது செய்தியன்று.

வலி இல்லை. சில வாரங்கள் கழித்து அவ்விடம் தடித்தது. அண்டை வீட்டார் எருக்கம்பால் வைக்கச் சொன்னார்கள். நகரின் ஒரு மருந்தகத்தில் 'கால் ஆணி' என்று கூறி ஒட்டுப்பட்டை கொடுத்தார்கள். பட்டையின் அமிலம் மேல்தோலை உரித்தது, புண் உண்டானது. தந்தையாருக்குச் சர்க்கரை நோய் இருந்தமையால் பின்னர் அது 'சர்க்கரைப் புண்' ஆயிற்று. கட்டுப் போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். முள், ஆணி, புண் என ஒரே புள்ளிக்கு எட்டு மாதங்களில் மூன்று பெயர்கள் வந்தன. ஒவ்வொரு பெயரும் கேட்டவுடன் நம்பத்தக்கதாகவே இருந்தது. அரிய நோய்களின் இயல்பு இது. அவை பழக்கமான நோய்களின் உடையை உடுத்திக்கொண்டு நம் வாசலில் வந்து நிற்கின்றன.

உடையைக் கலைத்துப் பார்த்தவர் ஒரு பெண்மணி. தந்தையாரிடம் படித்தவர், செவிலியராகி, இளமையில் பல ஆண்டுகள் தொழுநோய்த் தடுப்புப் பணியில் இருந்தவர். 2014 தவக்காலத்தில் ஒரு நாள் அவரைப் பார்க்க வந்தார். கட்டுப் போட்ட காலைக் கண்டதும் நலம் விசாரித்து நிறுத்திக்கொள்ளவில்லை.

"சார், காலைக் கொஞ்சம் காட்டுங்கள்."

"உன்னிடம் காலைக் காட்டுவதா? வேண்டாம்மா" என்று தந்தையார் கூச்சத்தோடு மறுத்தார்.

"நீங்கள்தானே சார் எங்களுக்கு உட்கார்ந்து எழுதக் கற்றுக் கொடுத்தீர்கள். இப்போது நான் உட்கார்ந்து பார்க்கிறேன்" என்று தரையில் அமர்ந்து, கட்டை அவிழ்த்து, பாதத்தைச் சன்னல் வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். புண்ணை அவர் அதிகம் நோக்கவில்லை. புண்ணைச் சுற்றியிருந்த தோலையே நோக்கினார். அங்கே, மை ஒற்றும் தாளில் மை ஊறியது போல, பழுப்பும் கருமையும் கலந்த நிறம் ஒழுங்கற்ற விளிம்போடு பரவியிருந்தது. "புண்ணுக்கு வெளியே இந்த நிறம் வரக் கூடாது சார். வேலூருக்குப் போங்கள். அடுத்த மாதம் வேண்டாம், இந்த வாரமே போங்கள்" என்றார்.

அவர் பாதம் பார்க்கக் கற்ற பள்ளி எது என்பதை இங்குச் சொல்லியாக வேண்டும். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயாளரின் விரல்கள் நோயால் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி இழந்த கை கால்களில் கவனிக்கப்படாத காயங்களே அவற்றை அழிக்கின்றன என்பதை நிறுவியவர். வலி என்பது இறைவன் தந்த காவலாளி. காவலாளி இல்லாத வீட்டை நாள்தோறும் கண்ணால் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது அவர் பணியிலிருந்து பிறந்த பாடம். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் ஆய்வு மையமும் அதே வழியில் நடந்தது. அதன் பயனாக, வட ஆர்க்காட்டுப் பகுதியில் பிறர் பாதத்தைக் கூசாமல் கையில் எடுத்துப் பார்க்கும் ஒரு தலைமுறைப் பணியாளர் உருவாயினர். ஒரு நோய்க்காகக் கற்ற பார்வை இன்னொரு நோயைக் கண்டுபிடித்தது.

சோலையார்பேட்டையில் தொடர்வண்டி ஏறிக் காட்பாடியில் இறங்கி வேலூர் மருத்துவமனையை அடைந்தோம். தோல்நோய்ப் பிரிவில் ஓர் இளம் மருத்துவர் தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து, தந்தையாரின் பாதத்தைத் தம் முழந்தாள்மேல் வைத்துக்கொண்டார். விளக்குப் பொருத்திய ஒரு சிறு உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தோலோடு ஒட்ட வைத்துப் பார்த்தார். 'டெர்மாஸ்கோப்' எனப்படும் அக்கருவி ஏறத்தாழப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும். எங்களையும் பார்க்கச் சொன்னார். உள்ளங்காலின் ரேகைகள் உழுத வயலைப் போலத் தெரிந்தன. "மேடாக இருப்பது வரப்பு, பள்ளமாக இருப்பது சால் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் சாலில் ஓடும். இந்த நோயின் நிறம் வரப்பின்மேல் ஏறி நிற்கும்" என்று விளக்கினார். தந்தையாரின் காலில் நிறம் வரப்பின்மேல் நின்றது. இந்த வேறுபாட்டை ஆராய்ந்து உலகிற்கு உணர்த்தியவர்கள் ஜப்பானிய மருத்துவர்கள். உள்ளங்கால்களில் இந்நோயை அதிகம் கண்டவர்கள் அவர்கள். ஆகவே அவர்கள் பார்வை கூர்மையாயிற்று.

பிறகு திசுச் சோதனை. 'கத்தி பட்டால் புற்று பரவும்' என்னும் அச்சம் நம் மக்களிடையே ஆழ வேரூன்றியது. எங்கள் உறவினரும் அதையே கூறினர். சோதனைக்காகத் தோலில் ஒரு சிறு பகுதியை எடுப்பதால் இந்நோய் பரவுவதில்லை என்று மருத்துவர் பொறுமையாக எடுத்துரைத்தார். பெயர் தெரியாமல் மாதக்கணக்கில் அமிலமும் சுண்ணாம்பும் வைத்துச் சுடுவதே ஆபத்து. ஒரு வாரம் கழித்து நோயின் பெயர் தெரிந்தது. 'ஏக்ரல் லென்டிஜினஸ் மெலனோமா'. கை கால்களின் நுனிப்பகுதிகளில், தோலுக்கு நிறம் தரும் செல்களில் பிறக்கும் புற்றுநோய். அரியது, ஆனால் விரைந்து பரவுவது.

அன்று முதல் இந்நோயைப் பற்றித் தேடிப் படித்தோம். கருமையான கட்டிகளாகக் காணப்படும் இந்நோயைத் தனி நோயாக அடையாளம் கண்டு 1804இல் விவரித்தவர் லென்னக் என்னும் பிரெஞ்சு மருத்துவர்; 1816இல் நோயாளியின் நெஞ்சொலி கேட்கும் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த அதே மனிதர். 1886இல் ஜொனாதன் ஹட்சின்சன் என்னும் ஆங்கிலேய மருத்துவர், நகச்சுற்று போலத் தோன்றி நகத்தைச் சுற்றிய தோலில் கருமை படரும் நோயை எழுதி வைத்தார். அக்கருமை இன்றும் 'ஹட்சின்சன் அறிகுறி' என்றே வழங்குகிறது. எனினும் உள்ளங்கை, உள்ளங்கால், நகம் ஆகியவற்றில் வருவது தனியொரு வகை என்று தெளிவாகப் பெயரிடப்பட்டது 1976இல்தான்.

வெண்ணிற மக்களிடையே மெலனோமாவின் பெருங்காரணம் சூரிய ஒளி. நமக்கோ தோலின் கருமையே குடையாக இருக்கிறது. நிறச்செல்களின் எண்ணிக்கை வெள்ளையருக்கும் நமக்கும் ஏறத்தாழ ஒன்றே. அவை ஆக்கும் நிறமியின் அளவிலேதான் வேறுபாடு. ஆகவே இந்தியாவில் மெலனோமா மிக அரிது. ஆண்டொன்றுக்கு லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. ஆனால் எத்துணைக் கருத்த மேனியருக்கும் உள்ளங்கையும் உள்ளங்காலும் வெளுத்தே இருப்பதை நாம் அறிவோம். வெயில் படாத அந்த இடங்களில் வெயிலின் துணையின்றியே இந்த வகை தோன்றுகிறது. வெள்ளையரின் மெலனோமாக்களில் இது மிகச் சிறு பங்கு. ஆசிய மக்களிடையே ஏறத்தாழப் பாதி. 'எங்களுக்குத் தோல் புற்றுநோய் வராது' என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். வருவது அரிதுதான், ஆனால் வரும்போது நாம் பாராத இடத்திலேயே வருகிறது.

உலகறிந்த சான்று ஒன்று உண்டு. யமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லியின் கால் பெருவிரல் நகத்தடியில் ஒரு புண் வந்தது. பந்தாட்டத்தில் பட்ட அடி என்றே எண்ணப்பட்டது. 1977இல் அது மெலனோமா என்று தெரிந்தது. விரலை எடுத்துவிட மருத்துவர்கள் கூறியதை அவர் ஏற்கவில்லை. நகமும் அதன் அடித்தசையும் மட்டும் நீக்கப்பட்டன. நோய் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியது. 1981 மே 11 அன்று தம் 36ஆம் வயதில் இறந்தார். பந்தாட்டக்காரருக்கு அடிபட்ட நகம் எப்படியோ, மலையேறும் ஆசிரியருக்கு முள் அப்படியே. வாழ்க்கையே நோய்க்கு ஒரு பொருத்தமான காரணத்தைக் கொடுத்து மறைத்துவிடுகிறது.

இந்நோயில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஓர் அளவு. புற்று தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதே அது. 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்னும் நோய்க்கூற்று மருத்துவர் இதை நிறுவினார். ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கையில் அகற்றிவிட்டால் மிகப் பலர் நலமாக வாழ்கிறார்கள். நான்கைத் தாண்டினால் நிலைமை கடினம். நாணயம் ஒன்றின் கனமே காப்பாற்றக் கூடியதற்கும் கூடாததற்கும் இடையில் நிற்கிறது. தந்தையாருக்கு அது மூன்று மில்லிமீட்டரைச் சற்றே தாண்டியிருந்தது.

இனி, மருத்துவத்தைவிடக் கடினமான ஒரு பகுதியைக் கூற வேண்டும். முடிவு வந்த அன்று எங்கள் அத்தை மருத்துவரைத் தனியே அழைத்து, "தம்பியிடம் சொல்லிவிடாதீர்கள் டாக்டர், கேட்டாலே உடைந்து போவான். புண் என்றே சொல்லுங்கள்" என்று கெஞ்சினார். தமிழ்க் குடும்பங்களில் இது புதிதன்று. அன்பினால் செய்யப்படுவது, அதனாலேயே எதிர்க்க முடியாதது. மருத்துவர் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, விரலை எடுக்கப் போகிறோம். அது அவருடைய கால். அவரைக் கேட்காமல் எப்படி எடுப்பது?" என்றார்.

பேச்சு உள்ளே இருந்த தந்தையாரின் காதில் விழுந்திருக்க வேண்டும். மருத்துவர் வந்ததும் அவரே கேட்டார்: "ஆயிரம் பிள்ளைகளின் மதிப்பெண்ணை ஒளிக்காமல் எழுதியவன் நான். என்னுடையதை மட்டும் ஏன் மறைக்கிறீர்கள்?" மருத்துவர் முழுவதையும் சொன்னார். நோயின் பெயர், ஆழம், செய்யக்கூடியது, செய்ய இயலாதது அனைத்தையும் சொன்னார். தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இத்தனை நாள் எதனோடு சண்டை என்றே தெரியாமல் இருந்தேன்" என்றார். அத்தை அழுதார். ஆனால் அன்றிரவு, எட்டு மாதங்களில் முதன்முறையாக, வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் மறைக்கவில்லை.

பெருவிரலும் அதைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் அளவு நலமான தோலும் சேர்த்து அகற்றப்பட்டன. நோய் முதலில் சென்று தங்கும் நிணநீர் முடிச்சு எது என்பதைச் சாயம் செலுத்திக் கண்டறிந்து சோதித்தார்கள். தொடை இடுக்கில் ஒன்றில் நோய் இருந்தது. அதன்பின் அவர் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். தனியாகச் செய்வித்த மிதியடி அணிந்து, தடியூன்றி, இரு முறை புதூர்நாட்டுக்கும் போய்வந்தார். 2018இல் நோய் நுரையீரலில் தோன்றி அவரை அழைத்துச் சென்றது. உடலின் எதிர்ப்புச் செல்களைத் தடுத்து நிறுத்தும் கடிவாளத்தை அவிழ்த்துவிட்டுப் புற்றை எதிர்க்கச் செய்யும் புதிய மருத்துவத்திற்காக ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோன்ஜோ இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அம்மருந்துகள் மெலனோமா நோயாளர் பலருக்கு வாழ்வளித்துள்ளன. ஆனால் உள்ளங்காலில் வரும் வகை அவற்றிற்கு அவ்வளவாக இணங்குவதில்லை. விலையும் எளியோர்க்கு எட்டாதது. ஆகவே முன்கூட்டிப் பார்ப்பதே இன்றும் நம் கைக்கு எட்டிய மருந்து.

அந்த நான்கு ஆண்டுகளில் தந்தையார் ஒரு புதிய வழக்கத்தை மேற்கொண்டார். தம்மைப் பார்க்க வந்தவர்களை, "காலைக் காட்டு" என்று கேட்கத் தொடங்கினார். முதலில் சிரித்தார்கள், பிறகு காட்டினார்கள். வெடிப்பு, ஆணி, சேற்றுப்புண், முள் தைத்த தழும்பு என எல்லாவற்றையும் பார்த்தார். ஐயம் தோன்றிய இருவரை வேலூருக்கு அனுப்பினார். இருவருக்கும் நிறம் சாலில்தான் இருந்தது. நோயில்லை என்று மகிழ்ச்சியோடு திரும்பினார்கள். வீண் அலைச்சல் ஆயிற்றே என்று ஒருவர் குறைபட்டபோது, "நோய் இல்லை என்று தெரிவதும் ஒரு விடைதான்" என்றார் தந்தையார்.

புற்றுநோயாளரின் பாதுகாவலராக நாம் வேண்டிக்கொள்ளும் புனித பெரகிரின், 1345இல் மறைந்த இத்தாலிய நாட்டுத் துறவி. அவருடைய நோயும் காலில்தான் வந்தது. காலை எடுத்துவிட முடிவாகியிருந்த நாளுக்கு முந்திய இரவில் செபித்து நலம் பெற்றார் என்பது மரபு. நாம் அந்தப் புதுமையை நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முந்திய பகுதியை மறந்துவிடுகிறோம். அவர் தம் புண்ணை மறைக்கவில்லை. அறுவை மருத்துவரிடம் காலைக் காட்டினார், மருத்துவர் பார்த்தார், உண்மையைச் சொன்னார், துறவி ஏற்றுக்கொண்டார். செபம் அதற்குப் பின்னரே வருகிறது. புனிதரின் பெயரைச் சொல்லிக்கொண்டு சோதனையைத் தள்ளிப்போடுவோர் அவரது வரலாற்றைப் பாதியே அறிந்தவர்கள்.

ஆகவே வாசக அன்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் எளியது. மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் நகங்களையும் பாருங்கள். குனிய இயலாத முதியவருக்கு மற்றொருவர் பார்க்கட்டும். பிறந்தது முதல் இருக்கும் மச்சம் பழைய நண்பர்; நடுவயதுக்குப் பின் புதிதாக வந்தது அறிமுகமில்லாத விருந்தாளி. அது ஏழு மில்லிமீட்டரைத் தாண்டினால், விளிம்பு ஒழுங்கற்றிருந்தால், பல நிறம் காட்டினால், கசிந்தால், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கருத்த தோலுடைய நமக்குப் பல நகங்களில் பழுப்புக் கோடுகள் இருப்பது இயல்பு. ஒரே நகத்தில் தோன்றி அகன்றுகொண்டே போவது இயல்பன்று. நிறமே இல்லாமல் செந்நிறப் புண்ணாகவும் இந்நோய் வரலாம். மருத்துவம் செய்தும் ஓரிரு மாதங்களில் ஆறாத ஆணியையும் மருவையும் புண்ணையும் அதே பெயரால் மேலும் அழைத்துக்கொண்டிராதீர்கள். வேறு பெயர் இருக்கலாமோ என்று கேளுங்கள்.

2019இல் திருப்பத்தூர் தனி மாவட்டம் ஆயிற்று. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்தோடு வீடு தேடி வரும் பணியாளர்களைக் கண்டோம். அவ்வாறு வருபவர் ஒரு நிமிடம் அமர்ந்து பாதத்தையும் திருப்பிப் பார்த்தால் போதும். அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. தாழ உட்காரும் மனமும் சற்று வெளிச்சமும் தேவை.

பெரிய வியாழனன்று நம் பங்குக் கோவில்களில் பன்னிருவரின் பாதங்கள் கழுவப்படுகின்றன. வெந்நீரில் ஏற்கெனவே தேய்த்துக் கழுவிய கால்களையே நாம் கொண்டுபோய் நீட்டுகிறோம். குருவும் ஒரு செம்பு நீர் ஊற்றித் துடைத்துவிட்டு அடுத்தவரிடம் நகர்கிறார். அச்சடங்கு நம் வீடுகளுக்கும் வரட்டும். மகன் தந்தையின் காலையும், மருமகள் மாமியாரின் காலையும் கையில் எடுக்கட்டும். நீரை ஊற்றிய பின், துடைப்பதற்கு முன், ஒரு கணம் நின்று பார்க்கட்டும்.